பதினெட்டு வளைவில் சிவப்பு விளக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரு மேடு கிடையாது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நேரான வீதி. இந்த வீதியில் மட்டும் ஓடுகிற காருக்கு என்ன நோய் இருந்தாலும் வெளியே தெரியாது. சந்தைக்கும் பள்ளிக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வர அது போதும். அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை எல்லாம் கழித்து, மகியங்கனையில் மகாவலிப் பாலத்தைத் தாண்டி, ஹசலக்கைக்கு அப்பால் மலை எதிரே எழும்பி நிற்கும்போதுதான் வண்டியின் உண்மையான சுகம் தெரியவரும். அங்கே தொடங்குகிறது பதினெட்டு வளைவு. எங்கள் பக்கத்து டிரைவர்மார் ஒரு வாகனத்தைப் புகழ நினைத்தால் அதன் வேகத்தைச் சொல்லமாட்டார்கள். "பதினெட்டு வளைவத் தண்ணி குடிக்காம ஏறும்" என்பார்கள்.

வாப்பா லொறி ஓட்டியவர். சம்மாந்துறை மில்களில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் கொழும்புக்கும் போவார். பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் ஏறியிருக்கிறேன். மலை தொடங்குமுன் நிறுத்தி, எண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் நிரப்பி வைப்பது கிளீனர் பொடியனின் முதல் வேலை. வளைவில் லொறி திணறி நின்றால் குதித்து இறங்கிப் பின்சில்லுக்குக் கட்டை வைப்பது இரண்டாவது வேலை. வாப்பாவின் கண் பாதையில் பாதியும் முள்ளில் பாதியுமாக இருக்கும். டாஷ்போர்டில் சீ என்ற எழுத்துக்கும் எச் என்ற எழுத்துக்கும் இடையே ஆடுகிற அந்த வெப்பமுள், அரிசி மூட்டையின் பாரத்தையும் வெயிலையும் காற்றின் திசையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக் காட்டும் என்பது அவருடைய நம்பிக்கை. கச்சான் காலத்தில் மகாஓயாவுக்கு முன்பே முள் ஏறத் தொடங்கிவிடும். மாரியில் ஹசலக்கை வரை அசையாது.

1990இல் குருக்கள்மடத்திலும் காத்தான்குடியிலும் நடந்த முஸ்லிம் படுகொலைகளுக்குப் பிறகு, மட்டக்களப்பு வழியாகக் கொழும்புக்குப் போக எங்கள் ஆட்கள் பயந்தார்கள். மகியங்கனைப் பாதைதான் எங்கள் பாதையானது. அந்தக் காலத்தில் கொதிக்கிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சோதனைச்சாவடிக்குக் கிட்ட ஒரு லொறி புகை விட்டுக்கொண்டு நின்றால் அதற்கு நூறு விளக்கம் கேட்பார்கள். காட்டுப் பக்கத்தில் நின்றால் வேறு பயம். அதனால் வாப்பா முள்ளைப் பார்த்து, அடுத்த சாவடி எவ்வளவு தூரம், அதைத் தாண்டி ஒதுங்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்வார். முள் கால்வாசி ஏறினால் ஒரு முடிவு, அரைவாசி ஏறினால் இன்னொரு முடிவு. எஞ்சின் சூடு என்பது அவருக்கு மெக்கானிக் விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

என்னுடைய காரில் முள் இல்லை. ஜப்பானில் சில வருடம் ஓடி, பிறகு இங்கே இறக்குமதியான சின்னக் கார். அந்த ரகக் கார்கள் பலவற்றில் இரண்டு விளக்குகள் மட்டும் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீலம், எல்லை மீறிச் சூடேறினால் சிவப்பு. இடையில் உள்ள நீண்ட பகுதிக்கு விளக்கே கிடையாது. வாப்பாவுக்கு இது பெரிய குறை. "நோய் வந்து சாகப் போறப்பதான் சொல்லுமா?" என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் முள் இருக்கிற புதுக் கார்களிலும் அது பழைய முள் இல்லை. ஒரு கீழ் எல்லையைத் தாண்டியதும் நடுவில் வந்து நிற்கும். வெப்பம் பத்து இருபது பாகை கூடிக் குறைந்தாலும் அசையாது. முள் சற்று ஆடினாலே பயந்துபோய் மக்கள் கராஜுக்கு ஓடிவருகிறார்கள் என்று கொம்பனிக்காரர்கள் அதை அப்படி அடக்கி வைத்துவிட்டார்கள். வாப்பா நேசித்த முள் எப்போதோ மௌத்தாகிவிட்டது. இப்போது இருப்பது அதன் படம்.

2023ஆம் ஆண்டு, நோன்பு பிறக்க முன், வாப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். எரிபொருளைக் கியூஆர் காட்டி அளந்து வாங்கிய காலம். காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல். கண்டிக்குப் போய்த் திரும்ப அது காணாது என்று முந்திய வாரத்துப் பங்கையும் டேங்கில் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். புதுக் கார் வாங்கும் எண்ணம் யாருக்கும் இல்லாத காலமும் அதுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் கையில் இருந்த வண்டியே சொத்து. பழசுக்குப் பழசாக விலை ஏறிக்கொண்டு போனது.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வாப்பா முன்னால், உம்மாவும் ராத்தாவும் அவளுடைய மகனும் பின்னால். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உம்மா கேட்டா. வாப்பா விடவில்லை. "கொதிதண்ணிய இந்த ரோட்டுல நான் போதுமான அளவு பாத்திரிக்கன்" என்றார்.

மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காருக்குள் ஓர் இனிப்பு மணம் வந்தது. பாணி காய்ச்சுகிற மணம். வாப்பா மூக்கை உயர்த்தி, "கித்துள் பாணி காச்சுறானுகள்" என்றார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அது நடக்கக்கூடியதுதான். வீதியோரம் போத்தல்களில் வைத்து விற்பார்கள். திரும்பி வரக்குள்ள ரெண்டு போத்தல் வாங்க வேண்டும் என்று உம்மா சொன்னா. அடுத்த வளைவிலும் அதே மணம். அதற்கடுத்த வளைவிலும். முழு மலையும் சேர்ந்து பாணி காய்ச்சுகிறதா என்று ராத்தா கேட்கவும் சிவப்பு விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

நாற்பது வருடம் எஞ்சின்களோடு வாழ்ந்த மனிதருக்கு அந்த மணம் தெரியாமல் போனது எப்படி என்று பிறகு யோசித்தேன். அவர் லொறியில் ஊற்றியது வெறும் தண்ணீர். தண்ணீர் கொதித்தால் ஆவி வரும், சத்தம் வரும், மணம் வராது. எத்திலீன் கிளைக்கோல் கலந்த கூலன்ட் கசிந்து சூடான உலோகத்தில் பட்டால்தான் அந்த இனிப்பு வரும். பனி உறையும் நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் கட்டியாகாமல் இருக்கப் போடுகிற சாமான் அது. எங்கள் ஊரில் பனிக்கட்டி ஐஸ் கடையில்தான் இருக்கிறது, நமக்கு எதற்கு என்றுதான் பலரும் கேட்பார்கள். ஆனால் அது கொதிநிலையையும் உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 பாகையில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைப்பதால் இன்னும் மேலே போய் 125ஐத் தாண்டும். அந்த மூடியில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தாலே இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். எஞ்சினின் சூட்டை ஊதி வெளியேற்ற அது இன்னொரு சின்ன ரேடியேட்டர் மாதிரி உதவும் என்று படித்திருந்தேன். கல்முனையில் அந்தக் குமிழை யாரும் தொட்டதே இல்லை. பின்னாலிருந்து ஒரு கூக்குரல். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கலிமா சொல்லத் தொடங்கினா. மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டான். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அடுத்த அகலமான இடம்வரை உருட்டிக்கொண்டு போய் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினேன். முன்பு அந்தப் பாதையில் ஒதுங்க இடமே இருக்காது. ஒரு பஸ் இறங்கினால் லொறி பின்னால் போக வேண்டும். இப்போது அகலப்படுத்திவிட்டார்கள்.

பொனற்றைத் திறந்ததும் வாப்பா வேறொரு ஆளானார். கண்ணில் புரை, கையில் தடி, காலையிலிருந்து சும்மா உட்கார்ந்து வந்த மனிதர் தடியைக் காரில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தார். நான் மூடிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேனோ இல்லையோ, மணிக்கட்டில் ஒரு தட்டு.

"தொறக்காத மனே. வெந்து போவாய்."

அவருடைய வலது முழங்கைக்குக் கீழே உள்ள வெளுத்த தழும்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது எப்படி வந்தது என்று அவர் ஒருநாளும் விபரமாகச் சொன்னதில்லை. அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் நூறு பாகைக்கு மேலேயும் தண்ணீராகவே அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், ஒரு பகுதி சட்டென ஆவியாகிக் கொதிதண்ணீரையும் இழுத்துக்கொண்டு பாயும். இந்தப் பௌதிகத்தை வாப்பா யாரிடமும் படிக்கவில்லை. மேல் குழாயை இரண்டு விரலால் அமத்திப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் இன்னும் பொறு. இளகிவிட்டால் திறக்கலாம். அது இளகும்வரை ராத்தா கட்டிக் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றோம்.

இதற்கிடையில் மேலிருந்து இறங்கிய ஒரு த்ரீவீல்காரர் தானாகவே நிறுத்தினார். சிங்கள ஆள். வாப்பா லொறிக்காலத்துச் சிங்களத்தை வெளியே எடுத்தார். அது எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே ஓடியது. அடுத்த வளைவில் பாறையிலிருந்து பீலித் தண்ணீர் விழுகிறது என்று அவர் சொல்லி, எங்கள் போத்தல்களையும் தன்னிடமிருந்த கேனையும் கொண்டுபோய் நிரப்பி வந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பதிலுக்கு உம்மா கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டார்.

குழாய் இளகியது. வாப்பா என் பைக்குள் இருந்த சாரனைக் கேட்டார். எங்கள் ஊர்த் தறியில் நெய்த புதுச் சாரன். நனைத்து நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கால் திருகு திருகினார். சீறல் கேட்டது. அப்படியே கையை எடுக்காமல் நின்றார். சீறல் ஓய்ந்த பிறகுதான் மறு திருகு. தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றவிடவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சூட்டு எஞ்சினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கலாம். "சோத்துப் பானைக்கு ஒல வெச்ச மாதிரி ஊத்தப்படாது" என்று மருமகனுக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஊற்றினார். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மிச்ச வளைவுகளை ஏசி இல்லாமல், ஹீட்டரைப் போட்டபடி, இடைக்கிடை நின்று நின்று ஏறினோம். மடுகொடை, உடதும்பறை, ஹுன்னஸ்கிரியாவுக்குப் பிறகு தெல்தெனியாப் பக்கம் இறக்கம். சிவப்பு மறுபடி வரவில்லை. கிளினிக் நேரம் தவறிவிட்டதால் அன்றிரவு அக்குறணையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் காட்டினோம். புரைக்கு ஒப்பரேஷன் வேண்டும் என்றார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கதையின் வேர் தெரிந்தது. கல்முனையில் நான் காட்டுகிற மெக்கானிக், முன்பம்பரைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்து, அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை விரலால் வழித்தார். பொரித்த பப்படம் போல உதிர்ந்து கொட்டியது. "கடல் தின்டிரிக்கி" என்றார். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். வாடைக் காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் உப்பு படியும், கேட்டின் பிணைச்சல் துருவேறும். காரின் முன்முகம் மட்டும் தப்பும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தகடுகள் போனதால் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கிற பரப்புக் குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில், கசிந்து காய்ந்த பிங்க் நிறப் பொருக்கு கட்டியிருந்தது. நேர் வீதியில் நாற்பதில் போகும்போது எஞ்சினுக்கு இந்தப் பாதி ரேடியேட்டரே போதும். எரிகிற பெற்றோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஐந்து பேரையும் ஏசியையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் கியரில் மலை ஏறும்போது எரிவதே பல மடங்கு. காற்றோ வேகம் இல்லாததால் குறைவு.

பழைய செப்பு ரேடியேட்டராக இருந்தால் ஈயம் பற்றவைத்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். பிளாஸ்டிக் தொட்டிக்கு அந்த வைத்தியம் இல்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் ஒன்றைத் தேடிப் பிடித்து பஸ்ஸில் அனுப்பி வைத்தார்கள்.

அது வரும்வரை அந்தக் கராஜில் உட்கார்ந்து கேட்ட கதைகளில் ஒன்று என்னை உண்மையாகவே பயமுறுத்தியது. பொத்துவிலுக்குப் போன ஒரு வேன். கோமாரிப் பக்கம் கீழ்க்குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. வேன் இழுவை குறைந்து, முனகி, நின்றது, எஞ்சின் பிடித்துவிட்டது. வெப்பத்தை அளக்கிற சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீரே இல்லாதபோது அது வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் அதற்கு முழு விபரம் தெரியாது. ஆகவே எனக்கு விளக்கு எரிந்தது என்பதே, உள்ளே இன்னும் தண்ணீர் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. இதைக் கேட்ட பிறகு, காலையில் பொனற்றைத் தூக்கி வெள்ளைத் தொட்டியில் கோடு பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. விளக்கை நம்புவதைவிட அது மலிவு.

தண்ணீர் என்றதும் எங்கள் ஊர்க் கிணறுகளையும் சொல்ல வேண்டும். மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறுகள். சில வளவுகளில் நல்ல தண்ணீர், பக்கத்து வளவிலேயே உவர். தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடிக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டருக்கும் ஊற்றினோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அதுவும் இல்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வாகனத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உயிர் தப்பியவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. கடல் புரட்டிப் போட்ட வேன்களையும் த்ரீவீல்களையும் கழுவி எழுப்ப நல்ல தண்ணீர் தேடினார்கள். கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரே பவுசரில் வந்த நாட்களில், ரேடியேட்டரைக் கழுவ யார் தண்ணீர் கொடுப்பார்கள்? உப்புத் தண்ணீரால் கழுவிய எஞ்சின்கள் சில மாதம் ஓடி ஒவ்வொன்றாக நின்றன. கராஜ்காரர்கள் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரைக்கூட வேண்டாம் என்று சொல்லி, பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரைக் கேட்பதற்குப் பின்னால் இப்படிச் சில காரணங்களும் இருக்கின்றன.

பஸ்ஸில் வந்த ரேடியேட்டரைப் பூட்டுகிற அன்று வாப்பாவும் வந்தார். ஒப்பரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பழைய கூலன்ட் வடிந்த தட்டை மெக்கானிக் உடனே மூடிவைத்தார். இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். இதை வாப்பா தலையாட்டிக் கேட்டார். பிறகு தன் பங்குக்கு ஓர் ஆலோசனை சொன்னார்.

"தம்பி, அந்தத் தேர்மோஸ்டட்டக் கழட்டி எறிங்க. தண்ணி தாராளமா ஓடட்டும்."

அந்தக் காலத்து லொறிக்காரர் எல்லோரும் செய்தது அது. மெக்கானிக் சிரிக்கவில்லை; மரியாதையாகவே பதில் சொன்னார். "காக்கா, லொறிக்கு அது சரி. இதுக்கு கொம்பியூட்டர் இரிக்கி. கழட்டினா எஞ்சின் சூடாகாது. இன்னும் குளிராத்தான் இரிக்கி எண்டு நெனச்சி அது பெற்றோல அள்ளி ஊத்தும்."

தேர்மோஸ்டட் ஏறக்குறைய 82 பாகையில் திறக்கிற ஒரு கதவு. அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைத்து, விரைவாகச் சூடாக்கும். அதைக் கழற்றிவிட்ட கார் ஒன்று எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தது. நீல விளக்கு எப்போது பார்த்தாலும் எரிந்துகொண்டிருக்கும். பெற்றோல் பங்கு முடிந்துபோய், அந்த வீட்டுக்காரர் வாரக்கடைசியில் மோட்டார் சைக்கிளில்தான் போவார். வாப்பா யோசித்தார். எஞ்சின், கொம்பியூட்டர் எல்லாம் அவரை அசைக்கவில்லை. வாரம் 20 லீற்றர் என்ற கணக்குத்தான் அசைத்தது. "அப்ப இரிக்கட்டும்" என்றார்.

கூலன்ட் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. அவ்வளவு காசுக்கு நிறம் போட்ட தண்ணீரா என்பது அவர் கேள்வி. பச்சை, சிவப்பு, பிங்க், நீலம் என்று கொம்பனிக்கு ஒரு நிறம். ஒன்றோடொன்று கலந்தால் சில வகைகள் கட்டிபட்டு வழியை அடைத்துவிடும். டொயோட்டாவின் பிங்க் ரகம் முதல் தடவை 160,000 கிலோமீற்றர் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது என்றேன். "மருதமுனக் காத்துல ஓடிப் பாத்தா எழுதினானுகள்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. டாஷ்போர்டில் நீலமும் சிவப்பும் பிரித்துப் பார்க்க முடிகிறது. எங்கே புறப்பட்டாலும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நான் சாவி போட்டதும் அந்த நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். உடனே எடுக்கலாம், மெதுவாகப் போனால் சரி என்று மெக்கானிக் அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். பலனில்லை. நீலம் அணைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதுவரை கேட்டைத் திறக்க மருமகனை விடமாட்டார். பின்னால் உம்மா மணி பார்த்துக்கொண்டு, கல்யாண வீட்டில் சாப்பாட்டுச் சஹன் வைத்துவிடுவார்கள் என்று புறுபுறுத்துக்கொண்டிருப்பா.